கேமரா வாங்கியாச்சு, எந்தப் புத்தகம் வாங்குவது? - ஒரு சின்ன வரலாறு

கேமரா வாங்கின ஒவ்வொருத்தரும் ஒரு வாரத்துக்குள் கேட்கிற கேள்வி இது: "போட்டோகிராபி கத்துக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லேன்." நம்ம வகுப்பிலேயே நாலு பேர் கேட்டாச்சு. புத்தகக் கடையில் போய் நின்றால் அலமாரி முழுக்க வழவழ தாளில் கலர் கலராக இருக்கும். ஒவ்வொன்றின் விலையும் ஒரு மாத மெஸ் பில்லுக்குப் பக்கத்தில் நிற்கும். தப்பான புத்தகத்தை வாங்கினால் காசு மட்டும் போவதில்லை. "இது நமக்கு வராது" என்று கேமராவையே பீரோவுக்குள் வைத்துவிடுகிறோம். அதுதான் பெரிய நஷ்டம்.

பத்துப் புத்தகப் பெயரை வரிசையாக எழுதிவிட்டுப் போவது சுலபம். அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. கேமரா பிறந்த வருஷத்திலேயே அதைக் கற்றுத்தரும் புத்தகமும் பிறந்துவிட்டது. அன்றிலிருந்து வந்த புத்தகங்களில் எவை செத்துப்போயின, எவை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று பார்த்தால், புதுசாக எதை வாங்கலாம் என்பது தானாகப் புரியும். அதனால்தான் இந்தக் கட்டுரை கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள் :)

1839: கேமராவோடு வந்த முதல் கையேடு

1839 ஜனவரி 7ஆம் தேதி பாரிஸில் அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் அராகோ என்ற விஞ்ஞானி, லூயி டாகேர் கண்டுபிடித்த முறையை அறிவித்தார். செய்முறையை அன்றைக்குச் சொல்லவில்லை. பிரெஞ்சு அரசு டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க், அவருடைய இறந்துபோன கூட்டாளி நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்க் ஓய்வூதியம் கொடுத்து அந்த ரகசியத்தை வாங்கியது. ஆகஸ்ட் 19ஆம் தேதி செய்முறை வெளியானது. அதே ஆண்டு டாகேர் ஒரு கையேடும் வெளியிட்டார். கொஞ்ச நாளிலேயே அது பல மொழிகளில், பல பதிப்புகளாகப் பரவியது.

அந்தக் கையேட்டில் என்ன இருந்தது? வெள்ளி பூசிய செப்புத் தகட்டை எப்படித் தேய்த்துப் பளபளப்பாக்குவது, அயோடின் ஆவியில் எப்படிக் காட்டுவது, கேமராவில் வைத்து எடுத்த பிறகு பாதரச ஆவியில் எப்படிப் படத்தை வரவழைப்பது என்கிற செய்முறை. கருவிகளின் படங்களும் இருந்தன. சமையல் குறிப்பு மாதிரிதான். எதைப் படம் பிடிப்பது, எங்கே நின்று பிடிப்பது என்பதெல்லாம் அதன் வேலையே இல்லை.

இந்த வகைப் புத்தகத்துக்கு ஆயுள் குறைவு. 1851ல் இங்கிலாந்தில் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற சிற்பி, கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி ஈரம் காய்வதற்குள் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. உலகமே அதைப் பயன்படுத்தியது, அவர் 1857ல் ஏழையாகச் செத்தார். அந்த முறை பரவியதும் டாகேர் கையேட்டின் பக்கங்கள் பழங்கதை ஆயின. பிறகு 1871ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் உலர்தகட்டு முறையைச் சொன்னார். அது முன்னேறி வந்ததும் ஈரத்தகட்டுக் கையேடுகளும் மூட்டை கட்டப்பட்டன.

இவற்றைக் கேலி செய்யக் கூடாது. அன்றைக்குக் கையேடு இல்லாமல் வேலை செய்வது உயிருக்கே ஆபத்து. பாதரச ஆவி விஷம். ஈரத்தகட்டில் படத்தை நிலைநிறுத்தப் பலர் பயன்படுத்தியது பொட்டாசியம் சயனைடு! நாம் இன்று மெனுவில் ஒரு பட்டனைத் தவறாக அமுக்கினால் படம் கருப்பாக வரும், அவ்வளவுதான்.

பாடம் 1: கருவியைச் சொல்லித்தரும் பக்கங்கள் அவசியம். ஆனால் அவைதான் முதலில் காலாவதி ஆகும்.

படத்தையே பாடமாக்கிய புத்தகங்கள்

டாகேருக்குப் போட்டியாக இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார், வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். ஒரு நெகடிவில் இருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம் என்கிற வழியைக் காட்டியவர். 1844லிருந்து 1846 வரை 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' என்ற புத்தகத்தை ஆறு பகுதிகளாக வெளியிட்டார். மொத்தம் 24 படங்கள். அச்சடித்த படங்கள் இல்லை, ஒவ்வொன்றும் நிஜப் புகைப்படம், கையால் ஒட்டப்பட்டது. வாங்கினவர்கள் இதையும் செதுக்கு ஓவியம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, இவை ஒளியால் மட்டுமே உண்டானவை என விளக்கும் துண்டுச் சீட்டு ஒன்றையும் உள்ளே வைத்தார்கள்.

இதற்கு ஒரு வருஷம் முன்பே, 1843ல், அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை நீல நிற சயனோடைப் முறையில் பதிவு செய்து புத்தகமாக வெளியிட ஆரம்பித்திருந்தார். கேமராவே இல்லாமல், பாசியை நேராகத் தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டி எடுத்த படங்கள். அதைத் தனிப்பட்ட முறையில் கொடுத்தார். விற்பனைக்கு வந்த முதல் புகைப்படப் புத்தகம் என்ற பெயர் டால்பட்டுக்குப் போனது.

டால்பட்டின் புத்தகத்தை ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அந்தப் படத்தால் என்ன பயன் என்று அவர் யோசித்து எழுதியிருக்கிறார். அலமாரியில் அடுக்கிய பீங்கான் பாத்திரங்களின் படம் ஒன்று. பாத்திரத்தைத் திருடன் கொண்டுபோனால் இந்தப் படத்தை நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்டலாமே என்கிறார். திறந்த கதவில் சாய்த்து வைத்த துடைப்பத்தின் படம் ஒன்று. இவ்வளவு சாதாரணப் பொருளைப் படம் எடுக்கலாமா என்பவர்களுக்கு, டச்சு ஓவியர்கள் அன்றாடக் காட்சிகளைத்தானே வரைந்தார்கள் என்று பதில் சொல்கிறார். அவருடைய ரசாயன முறையை இன்று பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஆனால் இந்த யோசனைகள் 180 வருஷம் ஆகியும் அப்படியே நிற்கின்றன. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

நம்மூருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் ட்ரைப், அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படமெடுத்து 1858ல் தொகுதிகளாக வெளியிட்டார். அவையும் நிஜப் புகைப்படங்களை ஒட்டிய புத்தகங்கள்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார். பனோரமா மோடு இல்லாத காலத்தில்!

விதிகளை எழுதியவரும், விதிகளைத் திரும்பப் பெற்றவரும்

அடுத்து வந்தவை "இப்படி எடுத்தால்தான் அழகு" என்று சொல்லும் புத்தகங்கள். 1869ல் ஹென்றி பீச் ராபின்சன் 'பிக்டோரியல் எஃபெக்ட் இன் போட்டோகிராபி' எழுதினார. ஓவியக்கலையின் அமைப்பு விதிகளைப் புகைப்படத்துக்குக் கொண்டுவந்த புத்தகம். இவர் 1858லேயே ஐந்து நெகடிவ்களைச் சேர்த்து, சாகக் கிடக்கும் ஒரு பெண்ணின் படத்தை உருவாக்கி ஊரில் சர்ச்சையைக் கிளப்பியவர். போட்டோஷாப் சண்டை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவருக்கு நேர் எதிராக வந்தார் பீட்டர் ஹென்றி எமர்சன். மருத்துவம் படித்தவர். 1889ல் மாணவர்களுக்கென்றே 'நேச்சுரலிஸ்டிக் போட்டோகிராபி' என்ற புத்தகத்தை எழுதினார். மனிதக் கண் நடுவில் இருப்பதை மட்டும்தான் தெளிவாகப் பார்க்கிறது, ஓரங்கள் மங்கல்தான், ஆகவே படத்திலும் முக்கியமான பொருள் மட்டும் தெளிவாக இருந்தால் போதும் என்பது அவர் வாதம். படங்களை ஒட்டுப்போடுவதையும் பொய்யான பின்னணியையும் கடுமையாகத் திட்டினார். புகைப்படமும் ஒரு கலைதான் என்று அடித்துச் சொன்னார்.

இங்கேதான் திருப்பம். 1890ல் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தகட்டின்மேல் விழும் ஒளியின் அளவுக்கும் அதில் படியும் கருமைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை வரைபடமாகவே போடலாம் என்று காட்டினார்கள். இதைப் படித்த எமர்சன் ஆடிப்போனார். டெவலப் செய்யும்போது நிறப்படிகளை இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று நம்பியிருந்தவர் அவர். எல்லாம் கணக்குதான் என்றால் கலைஞனுக்கு அதில் என்ன வேலை? உடனே கருப்பு பார்டர் போட்டு, இரங்கல் அறிவிப்பு மாதிரி, 'நேச்சுரலிஸ்டிக் போட்டோகிராபியின் மரணம்' என்று ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார். தன் புத்தகத்தைத் தானே மறுத்தார்.

நேர்மையான மனுஷன் என்று பாராட்டலாம். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த மாணவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்!

பாடம் 2: "இதுதான் விதி" என்று சொல்லும் புத்தகத்தில், அந்த விதி ஏன் வந்தது என்ற காரணமும் இருக்கிறதா பாருங்கள். காரணம் இருந்தால் விதியை எப்போது மீறலாம் என்பதும் தெரியும். "மூன்றில் ஒரு பங்கில் வை" என்று மட்டும் சொன்னால் அது பாடம் இல்லை, உத்தரவு.

பட்டனை அமுக்கு, புத்தகம் எதற்கு?

1888ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள். எல்லாவற்றையும் எடுத்து முடித்ததும் கேமராவையே ராசெஸ்டருக்கு அனுப்பினால், 10 டாலருக்குப் பிரிண்ட் போட்டுப் புதுச் சுருளும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். 1900ல் வந்த பிரவுனி கேமராவின் விலை ஒரே டாலர்.

ரசாயனம் தெரிந்தால்தான் படம் எடுக்க முடியும் என்ற நிலை இதோடு போனது. அப்படியென்றால் கற்றுத்தரும் புத்தகங்கள் ஒழிந்திருக்க வேண்டுமே? நடந்தது நேர்மாறு. படம் எடுக்கிறவர்கள் லட்சக்கணக்கில் பெருகினார்கள். "படம் வருகிறது, ஆனால் நல்லா வரமாட்டேங்குது" என்பவர்களும் அதே அளவுக்குப் பெருகினார்கள். கோடக் கம்பெனியே 'நல்ல படங்கள் எடுப்பது எப்படி' என்ற தலைப்பில் புத்தகம் போட்டுப் பல பதிப்புகளாக விற்றது. இன்று ஃபோனில் எல்லாமே ஆட்டோ. இருந்தும் போட்டோகிராபி பாடங்களுக்கு மவுசு குறையவில்லை. காரணம் அதேதான்.

ஆன்சல் ஆடம்ஸ்: கணக்கைக் கைவசப்படுத்தியவர்

எமர்சனைக் கைவிட வைத்த அதே கணக்கை எடுத்து, அதையே கலைஞனின் ஆயுதமாக்கினார் ஒருவர். அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ். முதலில் பியானோ கலைஞராகப் பயிற்சி எடுத்தவர். நெகடிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி என்று ஒப்பிடுவார். 1940 வாக்கில் ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து 'ஜோன் சிஸ்டம்' என்ற முறையை உருவாக்கினார். (ஈரத்தகட்டு ஆர்ச்சர் வேறு, இவர் வேறு!)

விஷயம் இதுதான். கேமராவில் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது என்ன பொருள் என்று தெரியாது. எதை அளந்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவரை மட்டும் அளந்து எடுத்தால் சுவர் சாம்பலாக வரும். கரும்பலகையை மட்டும் அளந்து எடுத்தால் அதுவும் சாம்பலாக வரும். ஆகவே முழுக் கருப்பிலிருந்து முழு வெள்ளை வரை படிகளாகப் பிரித்துக்கொண்டு, "இந்தச் சுவர் என் படத்தில் எந்தப் படியில் இருக்க வேண்டும்" என்று முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள் என்றார் ஆடம்ஸ்.

இதை விளக்க 1948லிருந்து ஒரு புத்தக வரிசை எழுதினார். பிறகு அதையே புதுப்பித்து 'தி கேமரா' (1980), 'தி நெகடிவ்' (1981), 'தி பிரிண்ட்' (1983) என்று மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார். இன்றும் பலர் பரிந்துரைப்பது இந்த மூன்றைத்தான். டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்கள் 'தி பிரிண்ட்' புத்தகத்தின் ரசாயனப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் ஒளிமானி பற்றிச் சொன்னது இன்றைய கேமராவுக்கும் பொருந்தும்.

என்னைக் கேட்டால், முதலில் படிக்க வேண்டியது அவருடைய 'எக்ஸாம்பிள்ஸ்' (1983). 40 படங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் எப்படி எடுத்தேன் என்று சொல்கிறார். 1941ல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற ஊரின்மேல் நிலா எழும்பும் படம் அதில் ஒன்று. சாயங்கால வெயில் கல்லறைச் சிலுவைகள்மேல் விழுந்துகொண்டிருக்கிறது. ஒளிமானி எங்கே வைத்தோம் என்று கிடைக்கவில்லை. நிலாவின் ஒளிர்வு எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு எடுத்துவிட்டார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. கணக்கு எதற்குப் படிக்கணும் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

பாடமே நடத்தாத புத்தகங்கள்

1952ல் பாரிஸில் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோனின் புத்தகம் வந்தது. அட்டையை வரைந்தவர் ஓவியர் மத்தீஸ். பிரெஞ்சுத் தலைப்புக்கு ஏறக்குறைய "அவசர அவசரமாக எடுத்த படங்கள்" என்று பொருள். ஆங்கிலப் பதிப்பில் 'தி டிசைசிவ் மொமண்ட்' ஆக்கிவிட்டார்கள். ஒரு தலைப்பை மாற்றியதில் உலகம் முழுக்க "அந்த ஒரு கணம்" என்பது புகைப்படக்காரர்களின் தாரக மந்திரமாகிவிட்டது.

இன்னொன்று ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்'. 1958ல் பாரிஸிலும் 1959ல் அமெரிக்காவிலும் வெளியானது. உதவித்தொகை வாங்கிக்கொண்டு அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி, ஏறத்தாழ 28,000 படங்கள் எடுத்தார். புத்தகத்தில் இருப்பவை 83. கணக்குப் போட்டால் சுமார் 340 படத்துக்கு ஒன்று! வெளிவந்த புதிதில் பத்திரிகைகள் திட்டின. படங்கள் மங்கல், சாய்வு, அமெரிக்காவைக் கேவலப்படுத்துகிறார் என்றார்கள். இன்று அது 20ஆம் நூற்றாண்டின் மிக முக்கியமான புகைப்படப் புத்தகங்களில் ஒன்று.

இந்த இரண்டிலும் எந்தப் பட்டனை அமுக்குவது என்ற பாடம் கிடையாது. ஆனால் ஒரு நல்ல படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படத்தை வைப்பது, எதைத் தூக்கிப் போடுவது என்பதை இவற்றிலிருந்துதான் கற்க முடியும்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர ஜான் சர்கோவ்ஸ்கி இருக்கிறார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1962லிருந்து 1991 வரை புகைப்படத் துறைக்குத் தலைவராக இருந்தவர். 1966ல் வந்த 'தி போட்டோகிராபர்ஸ் ஐ' புத்தகத்தில் பொருள், விவரம், சட்டகம், நேரம், நிற்கும் இடம் என்று ஐந்து தலைப்பில் படங்களைப் பிரித்துக் காட்டுகிறார். 1973ல் வந்த 'லுக்கிங் அட் போட்டோகிராப்ஸ்' இன்னும் எளிது. 100 படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கட்டுரை. தினம் ஒன்று படித்தால் மூன்றரை மாதத்துக்குள் முடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: 2007ல் மைக்கேல் ஃப்ரீமன் எழுதிய புத்தகத்தின் பெயரும் 'தி போட்டோகிராபர்ஸ் ஐ' தான். அது டிஜிட்டல் படங்களில் அமைப்பு பற்றிய செய்முறைப் புத்தகம். நல்ல புத்தகமே, ஆனால் வேறு புத்தகம். ஆர்டர் போடும்போது ஆசிரியர் பெயரைப் பார்த்துப் போடுங்கள்.

சரி, இப்போது எதை வாங்குவது?

ஆரம்பிக்கிறவர்களுக்கு எக்ஸ்போஷர்தான் முதல் தடை. எஃப் 4ல் 1/500 நொடி, எஃப் 8ல் 1/125 நொடி, எஃப் 16ல் 1/30 நொடி, இந்த மூன்றிலும் உள்ளே விழும் ஒளி ஒன்றுதான். ஆனால் வரும் படம் ஒன்றல்ல. முதலாவதில் பின்னணி மங்கும், ஓடுகிறவன் உறைந்து நிற்பான். கடைசியில் பின்னணி தெளிவாகும், ஓடுகிறவன் கோடாக இழுபடுவான். எது வேண்டும் என்பது உங்கள் முடிவு. இதை ஒரு முழுப் புத்தகமாக விளக்குவது பிரையன் பீட்டர்சனின் 'அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்'. 1990ல் ஃபிலிம் காலத்தில் வந்தது. பிறகு 2004, 2010, 2016 என்று புதுப்பிக்கப்பட்டது. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தும் அடிப்படை மாறவில்லை.

கல்லூரிப் பாடப்புத்தகம் மாதிரி முழுமையாக வேண்டும் என்றால் மைக்கேல் லாங்ஃபோர்டின் 'பேசிக் போட்டோகிராபி'. முதல் பதிப்பு 1965. அவர் மறைந்த பிறகும் மற்றவர்கள் புதுப்பித்து அவர் பெயரிலேயே வெளியிட்டார்கள். இதில் மட்டும் புதிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் நான் சொல்லும் சோதனைகள்:

1. கருவி பற்றிய புத்தகமா? பதிப்பு ஆண்டைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கேமரா மாடலின் பெயர் அட்டையில் இருந்தால் அது அந்த மாடலோடு போய்விடும்.

2. எக்ஸ்போஷர் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் அங்கேயே படியுங்கள். மூடி வைத்துவிட்டு நண்பனுக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் புத்தகம் உங்களுக்கு இல்லை.

3. படங்களுக்குக் கீழே "அழகிய காட்சி" என்று மட்டும் போட்டிருக்கிறதா, எப்படி எடுத்தார், ஏன் அப்படி எடுத்தார் என்று இருக்கிறதா? இரண்டாவதை வாங்குங்கள்.

4. ஆசிரியர் எடுத்த படங்கள் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? அவர் சொல்வதைக் கேட்டு நடந்தால் கிட்டத்தட்ட அந்த மாதிரிப் படம்தான் வரும்.

5. படங்கள் மட்டுமே உள்ள புத்தகங்களுக்குப் பதிப்பு ஆண்டு பிரச்சினை இல்லை, அச்சுத் தரம்தான் பிரச்சினை. விலை அதிகம் என்றால் நூலகத்தில் பாருங்கள், பழைய புத்தகக் கடையில் தேடுங்கள்.

இரண்டு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், கருவியைப் புரியவைக்கும் புத்தகம் ஒன்று, பார்க்கக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்று வாங்குங்கள். பீட்டர்சன் ஒன்று, சர்கோவ்ஸ்கி ஒன்று என்பது என் கணக்கு. ஒரே மாதிரிப் புத்தகத்தில் நாலு வாங்கி அடுக்குவதுதான் வீண். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் முதலாவதை வாங்கிவிட்டு, இரண்டாவதுக்கு நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள்.

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் ஒரு 50 படமாவது எடுங்கள். டாகேரின் கையேட்டைப் படித்தவர்களுக்கு ஒரு தகட்டை வீணடித்தாலும் காசு நஷ்டம், நமக்கு அந்தக் கவலை இல்லை.

நீங்கள் படித்து உருப்படியாக இருந்த புத்தகம் ஏதாவது இருந்தால், முக்கியமாகத் தமிழில் இருந்தால், கீழே சொல்லுங்கள். அடுத்தவர்களுக்கும் உதவும்.